கைக் கொப்புளத்துக்குக் கைவைத்தியம்

காணி விடுபட்டது என்ற செய்தி கிடைத்தவுடன் ஒரு கமக்காரக் குடும்பம் முதலில் தேடுவது மண்வெட்டி, கத்தி, அலவாங்கு ஆகியவற்றையே. 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களின் காணிகள் 2015 முதல் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. சொந்த மண்ணை இன்னும் மிதிக்காதோரும் எம்மிடையே உள்ளனர். வன்னியில் 2009இல் எல்லாவற்றையும் விட்டு நடந்தவர்கள் முகாம்களிலிருந்து திரும்பியபோது கண்டதும் பற்றை மண்டிய வளவுகளையே. பற்றை வெட்ட வேண்டும், வேர் கிண்ட வேண்டும், கிணறு துப்புரவாக்க வேண்டும், வேலி அடைக்க வேண்டும்.

இந்த வேலைகளுக்குக் கை பழகியிருக்க வேண்டும். முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலும் பல ஆண்டுகளைக் கழித்தவரின் உள்ளங்கையில் கமக்காரனுக்குரிய காய்ப்பு இருப்பதில்லை. இடம்பெயர்ந்த வேளையில் குழந்தையாக இருந்தவர் முதன்முதலாக மண்வெட்டி பிடிக்கிறார். முதல் நாள் இரண்டு மணித்தியாலத்தில் விரல்களின் அடியில் கொப்புளம் எழுகிறது. இரண்டாம் நாள் அது உடைகிறது. மூன்றாம் நாள் மண்வெட்டிப் பிடியைத் தொடவே முடிவதில்லை. மழைக்கு முன் நிலத்தைப் பண்படுத்த வேண்டிய குடும்பத்துக்கு ஒரு கிழமை வேலை நின்றால் ஒரு போகமே பிந்திப் போகலாம். கூலி வேலைக்குப் போகிறவருக்கோ அந்தக் கிழமை அடுப்பு எரிவதே கேள்வியாகிவிடும்.

அதனாலேயே இந்த இதழில் சிறு கொப்புளங்களைப் பற்றி எழுத விரும்பினோம். இவற்றில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரிக்குப் போகாமலே ஆறக்கூடியவை. ஆனால் வீட்டில் செய்யும் வைத்தியம் சரியானதாக இருக்க வேண்டும். எதைப் பூசுவது என்று கேட்பவர்கள் பலர். எதைப் பூசாமல் விடுவது என்பதே அதைவிட முக்கியமானது.

கொப்புளம் என்றால் என்ன?

எமது தோல் பல அடுக்குகளைக் கொண்டது. மண்வெட்டிப் பிடியோ செருப்பு வாரோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசும்போது மேல் அடுக்குகள் கீழ் அடுக்கிலிருந்து பிரிகின்றன. அந்த இடைவெளியில் உடலிலிருந்து தெளிந்த நீர் ஊறி நிறைகிறது. சூடு பட்டாலும், சில செடிகளின் பால் பட்டாலும் இதுவே நடக்கிறது. சிறு இரத்தக் குழாய் நசிந்து இரத்தம் கலந்தால் அது இரத்தக் கொப்புளம்.

"அது கெட்ட நீர், வெளியே எடுத்தால்தான் ஆறும்" என்று எம்மவர் பலர் நினைக்கின்றனர். இது சரியன்று. அந்த நீர் கெட்டதும் அல்ல, நஞ்சும் அல்ல. கீழே புதுத்தோல் உருவாகும்வரை புண்ணுக்கு மெத்தை போல இருப்பது அதுவே. மேலே மூடியிருக்கும் மெல்லிய தோல், எந்தக் கடையிலும் வாங்க முடியாத ஒரு கட்டுத்துணி. அழுக்கும் கிருமியும் உள்ளே போகாமல் அது தடுக்கிறது. உரசலை நிறுத்தினால் சில நாட்களில் நீர் தானாகவே உடம்பில் சுவறிவிடும். பழைய தோல் காய்ந்து உதிரும். ஆகவே கொப்புளத்தின் தோலைக் காப்பாற்றுவதே முதல் வைத்தியம். பூசுவதும் கட்டுவதும் அதற்குத் துணை செய்பவை மட்டுமே.

முதலில் செய்ய வேண்டியவை

1. கொப்புளத்தை உண்டாக்கிய வேலையை நிறுத்துங்கள். இயலாவிட்டால் கையை மாற்றிப் பிடியுங்கள், அல்லது வேறு வேலைக்கு மாறுங்கள்.

2. சவுக்காரமும் சுத்தமான தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம். சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்துங்கள்.

3. கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். பழைய வேட்டித் துண்டு இதற்கு மிகவும் நல்லது. பிளாஸ்ரர் ஒட்டுவதானால் அதன் பஞ்சுப் பகுதியே கொப்புளத்தின் மேல் இருக்க வேண்டும். ஒட்டும் பகுதி பட்டால் கழற்றும்போது தோலும் சேர்ந்து உரிந்துவிடும்.

4. குதிக்காலிலோ உள்ளங்கையிலோ கொப்புளம் இருந்தால், துணியை மடித்து நடுவில் ஓட்டை விட்டு, பானை வைக்கும் திருகணை போலச் செய்து கொப்புளத்தைச் சுற்றி வைத்துக் கட்டுங்கள். அழுத்தம் சுற்றியுள்ள தோலில் விழும், கொப்புளத்தில் விழாது.

5. கட்டுத்துணியை நாளாந்தம் மாற்றுங்கள். நனைந்தாலோ மண் பட்டாலோ உடனே மாற்றுங்கள்.

நீரை எடுக்கத்தான் வேண்டுமா?

ஐந்து ரூபாய்க் குற்றியிலும் பெரிதாகி, தானே உடையும் போல விம்மி, நடக்கவோ பிடிக்கவோ முடியாத நோவு இருந்தால் மாத்திரம் நீரை எடுக்கலாம். ஒரு தையல் ஊசியைப் பத்து நிமிடம் கொதிநீரில் வைத்து எடுங்கள். நெருப்பில் காட்டினால் கரி படியும். கையையும் கொப்புளத்தையும் சவுக்காரமிட்டுக் கழுவுங்கள். கொப்புளத்தின் நடுவில் குத்தாமல், ஓரத்தில் அடிப்பக்கமாக ஒன்றிரண்டு இடத்தில் குத்தி, சுத்தமான துணியால் மெதுவாக ஒற்றி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்கவோ வெட்டவோ வேண்டாம். அது மறுபடி கீழே படிந்து புண்ணை மூடட்டும். பின்னர் கட்டுங்கள்.

ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தினூடாக இழுத்து, நூலை அப்படியே விடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த நூல் கிருமிக்கு வாசல் திறந்து விடுகிறது. அதைக் கைவிடுவோம். சூடு பட்ட கொப்புளம், இரத்தக் கொப்புளம், அம்மை நோய்க் கொப்புளம் ஆகியவற்றை ஒருபோதும் குத்தக்கூடாது. நீரிழிவு உள்ளவர்களின் எந்தக் கொப்புளத்தையும் வீட்டில் குத்தக்கூடாது.

அடுக்களையிலும் வளவிலும் உள்ளவை

வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் சவுக்காரம் கிடைக்காமல் பனம்பழக் களியால் உடுப்புத் துவைத்த அனுபவம் எமது மக்களுக்கு உண்டு. கையில் இருப்பதைக் கொண்டு சமாளிக்கும் அந்தத் திறமை இன்றும் பயன்படும். ஆயினும் ஒவ்வொரு பொருளும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அறிந்து பாவிக்க வேண்டும்.

உப்புத் தண்ணீர்: கொப்புளம் உடைந்துவிட்டால் கழுவுவதற்கு இது போதும். அரை லீற்றர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஆறவிட்டுக் கழுவுங்கள். உப்பைக் கூட்டினால் விரைவில் ஆறும் என்று எண்ண வேண்டாம். எரிவுதான் கூடும். அன்றாடம் புதிதாகத் தயாரியுங்கள்.

வேப்பிலை: ஒரு பிடி இலையைக் கழுவி, அவித்து, ஆறிய தண்ணீரை வடித்துக் கொப்புளத்தைச் சுற்றியுள்ள தோலைக் கழுவலாம். வேம்புக்குக் கிருமிகளை அடக்கும் குணம் உண்டென்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் பச்சை இலையை அம்மியில் அரைத்து உடைந்த புண்ணில் அப்பினால், அம்மியில் உள்ள தூசும் மிளகாய்க் காரமும் சேர்ந்தே போகும்.

சோற்றுக்கற்றாளை: மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் நீரை முற்றாக வடியவிட்டுக் கழுவுங்கள். அந்த மஞ்சள் நீர் சிலரின் தோலில் அரிப்பை உண்டாக்கும். உள்ளே உள்ள கண்ணாடி போன்ற சோற்றை மாத்திரம் எடுத்து, உடையாத கொப்புளத்தின் மேலும் சுற்றிலும் பூசலாம். குளிர்ச்சி தரும், எரிவு தணியும். சிறு சூட்டுக் காயங்களை முன்னதாக ஆற்றவும் இது துணை செய்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முதலில் நல்ல தோலில் சிறிது பூசிப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் பாவியுங்கள்.

தேன்: புண்ணுக்குத் தேன் கட்டுவது மிகப் பழைய வைத்தியம். மேலோட்டமான சூட்டுப் புண்களில் தேன் கட்டுவதால் சாதாரண கட்டுகளை விட விரைவாக ஆறுவதை வைத்திய ஆய்வுகளும் கண்டுள்ளன. உடைந்த கொப்புளத்தைக் கழுவி உலர்த்தியபின் மெல்லியதாகத் தேன் தடவிக் கட்டலாம். ஆனால் சீனிப்பாகைத் தேன் என்று விற்பவர்கள் உண்டு. நம்பிக்கையான தேன் இல்லாவிட்டால் இதை விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் வேண்டவே வேண்டாம்.

வாழையிலை: கட்டுத்துணி புண்ணில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது உயிர் போகிற நோவைத் தருவது எல்லோரும் அறிந்ததே. வாழையிலை ஒட்டாது. மும்பையிலுள்ள வைத்தியர்கள் கிருமி நீக்கிய வாழையிலையைச் சூட்டுப் புண்களுக்குக் கட்டி, நோவு குறைவாகவும் கட்டு மாற்றுவது இலகுவாகவும் இருந்ததாக 2003இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். நாமும் இதைச் செய்யலாம். கிழியாத இளம் இலையைத் தண்டு நீக்கி, சவுக்காரமிட்டுக் கழுவி, பிட்டு அவிப்பது போல ஆவியில் பதினைந்து நிமிடம் அவித்து எடுங்கள். ஆறியபின் புண்ணின் அளவுக்கு வெட்டி வைத்து, மேலே துணியால் கட்டுங்கள். நாள்தோறும் புதிய இலை வையுங்கள்.

தேங்காயெண்ணெய்: கொப்புளம் ஆறி, தோல் காய்ந்து வெடிக்கும் காலத்துக்கு உரியது இது. வேலைக்குப் போகுமுன் செருப்பு வார் உரசும் இடத்தில் தடவினால் உரசல் குறையும். சூடு பட்டவுடன் எண்ணெய் பூசினால் சூட்டை அது உள்ளேயே பிடித்து வைக்கும்.

மஞ்சள்: கடையில் வாங்கும் மஞ்சள் தூளில் மாவும் சாயமும் கலக்கப்படுவதுண்டு. தூள் சுத்தமானதாக இருந்தாலும் கிருமி நீக்கப்பட்டதல்ல. திறந்த புண்ணில் தூளைத் தூவினால் கட்டியாகிப் படிந்து, உள்ளே சீழ் பிடிப்பதும் தெரியாமல் மறைத்துவிடும். மஞ்சள் கறிக்கு இருக்கட்டும்.

சூடு பட்டால் தண்ணீரே மருந்து

கஞ்சிப் பானை சரிந்தும், குப்பி விளக்குத் தட்டுப்பட்டும், தகர அடுப்பில் கை பட்டும் கொப்புளிப்பது தற்காலிகக் கொட்டில்களில் அடிக்கடி நடப்பது. சூடு பட்ட உடனே, வேறெதையும் தேடாமல், அந்த இடத்தின்மேல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றுங்கள். குழாய் இல்லாவிட்டால் வாளியும் கோப்பையும் போதும். மோதிரம், காப்பு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம், அதுவும் தோலைக் கெடுக்கும். காயம்பட்டவரின் உள்ளங்கையிலும் பெரிதான சூட்டுக் காயத்துக்கும், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடங்களில் பட்ட சூட்டுக்கும், குழந்தைகளுக்குப் பட்ட எந்தச் சூட்டுக்கும் தண்ணீர் ஊற்றியபின் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

பூசக்கூடாதவை

மரத்திலும் செடியிலும் கிடைப்பதெல்லாம் சாதுவானதல்ல. இயற்கையே கொப்புளத்தை உண்டாக்குவதும் உண்டு.

உள்ளியை நசுக்கித் தோலில் கட்டினால் சில மணித்தியாலங்களில் நெருப்புச் சுட்டது போலக் கொப்புளிக்கும். தேசிக்காய்ப் புளி பட்ட தோலில் வெயில் பட்டாலும் கொப்புளம் எழுந்து கறுத்த தழும்பு விழும். எருக்கலைப் பால், கள்ளிப் பால், மரமுந்திரிகைக் கோதின் எண்ணெய், கொடிவேலி வேர் யாவும் தோலைச் சுடுபவை. பற்றை வெட்டும்போது கள்ளிப் பால் தெறித்தால் உடனே சவுக்காரமிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். பூச்சி மருந்தோ களை நாசினியோ பட்டுக் கொப்புளித்தால், உடுப்பைக் களைந்து கால் மணித்தியாலமாவது ஓடும் தண்ணீரில் கழுவி, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

பற்பசை, கோப்பித்தூள், மண்ணெண்ணெய், மை, சாம்பல், புகையிலைச் சாறு, சிலந்தி வலை ஆகியவற்றை எந்தப் புண்ணிலும் வைக்கக்கூடாது. மாட்டுச் சாணத்தைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். ஏற்புவலியை உண்டாக்கும் கிருமி சாணத்திலும் தோட்ட மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியது. ஏற்புவலி உயிரைக் கொல்லும் நோய். ஏற்பு ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் கடந்தவர்கள், அல்லது எப்போது போட்டோம் என்றே தெரியாதவர்கள், புண்ணில் மண் பட்டால் அடுத்த நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குச் சென்று கேளுங்கள். புண் ஆழமாகவோ மிகவும் அழுக்காகவோ இருந்தால் ஐந்து ஆண்டுகள் கடந்தவர்களும் கேட்க வேண்டும். இடம்பெயர்ந்த வேளையில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லிப் பதிவைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

நோகாத கொப்புளத்துக்கே அஞ்ச வேண்டும்

நோகிற கொப்புளம் எம்மை எச்சரிக்கிறது. நோகாத கொப்புளமோ ஓசையின்றி வளர்கிறது. சூடான பானையைத் தூக்கியும் சூடு தெரியாமல் கை கொப்புளித்தால், செருப்பு வெட்டியும் வலி தெரியாமல் பாதம் புண்ணானால், நரம்பு கெட்டிருக்கிறது என்பது பொருள். நீரிழிவு இதற்கு ஒரு காரணம். தொழுநோய் இன்னொன்று. இலங்கையில் அண்மைய ஆண்டுகளிலும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய தொழுநோயாளர் கண்டறியப்பட்டுள்ளனர். இது முற்றாகக் குணமாகும் நோய், மருந்தும் இலவசம். வெளிறிய உணர்ச்சியற்ற தேமல் உடம்பில் இருந்தால் மறைக்க வேண்டாம். வெட்கப்பட்டு மறைத்த நாட்களே விரல்களைப் பறிக்கின்றன.

நீரிழிவு உள்ள தாய் தந்தையர் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் தினமும் இரவில் அவர்களின் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்குகளையும் அடிப்பாதத்தையும் பாருங்கள். சிறு கொப்புளம் கண்டாலும் கைவைத்தியம் செய்யாமல் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். அந்தச் சிறு கொப்புளம் காலையே எடுக்க வைக்கலாம்.

வயல் வேலை செய்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி உடைந்த தோலினூடாக உள்ளே போகும். 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவாகினர். 2024 டிசெம்பரில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாண மாவட்டத்திலும் உயிரிழப்புகள் ஏற்பட்டன. ஆகவே கொப்புளம் உடைந்த காலோடு சேற்றில் இறங்காதீர்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால், போகத் தொடக்கத்திலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். வயலுக்குப் போய் வந்தபின் காய்ச்சல், தசை நோவு, கண் சிவப்பு வந்தால், வயலில் வேலை செய்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக இருத்தல், சீழ், கெட்ட நாற்றம், புண்ணிலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, நெறி கட்டுதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காரணமின்றி உடம்பெங்கும் எழும் கொப்புளம், கண்ணருகில் எழும் அக்கி, பாம்பு கடித்த இடத்தில் எழும் கொப்புளம் ஆகியவையும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல.

வராமல் தடுப்பது எப்படி?

புதிதாக வாங்கிய மண்வெட்டிப் பிடியை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, அரத்தாள் கொண்டு மினுக்கி, எண்ணெய் தடவுங்கள். பிடி ஆடாமல் இறுக்குங்கள். ஆடும் பிடியே அதிகம் உரசும். பழைய மேசு ஒன்றின் நுனியை வெட்டிக் கையில் மாட்டினால் கையுறை ஆகும். முதல் கிழமை காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம் என்று தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டுங்கள். உள்ளங்கையில் ஒரு இடம் சிவந்து எரியத் தொடங்கினால் கொப்புளம் வரப்போகிறது என்று அர்த்தம். அப்போதே நிறுத்தித் துணி சுற்றுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்து ஒருவர் காணியை ஒருவர் துப்புரவாக்கினால், கைகளுக்கும் ஓய்வு கிடைக்கும், வேலையும் முடியும்.

எசேக்கியா அரசன் நோயுற்றபோது அவன் அழுது மன்றாடியதையும், இறைவாக்கினர் எசாயா அத்திப்பழ அடையைப் புண்ணில் கட்டச் சொன்னதையும் திருவிவிலியம் சொல்கிறது. மன்றாட்டும் மருந்தும் அங்கே ஒன்றையொன்று தள்ளவில்லை. எமது பாட்டிமார் தந்த கைவைத்தியமும் ஆஸ்பத்திரி வைத்தியமும் அப்படியே. எது எவ்விடத்துக்கு உரியது என்று அறிவதே விவேகம்.

இந்தக் கிழமையே ஒரு வெற்றுப் பால்மாத் தகரத்தை எடுத்துக் கழுவி உலர்த்துங்கள். கொதிக்க வைத்து உலர்த்திய நான்கு துணித் துண்டுகள், ஒரு சவுக்காரக் கட்டி, சிறிது உப்பு, ஒரு கத்தரிக்கோல், சில பிளாஸ்ரர்கள் ஆகியவற்றை அதில் வைத்து மூடி, மண்வெட்டியோடு தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். வளவில் ஒரு மூலையில் கற்றாளையும் வாழையும் நடுங்கள். நிலம் மீண்டும் விளைய உங்கள் கைகள் வேண்டும். அந்தக் கைகளைப் பேணுவதும் கமத்தின் ஒரு வேலைதான்.